ஜக்ரானா ஆட்டுக்குப் பரண் கட்டுனேன், பாதியைப் பிரிச்சேன்

2024 ஜனவரி, ராத்திரி ரெண்டரை மணி. டெல்லி ஓரத்துல நஜஃப்கர் தாண்டி ஒரு கிராமம், பனிமூட்டத்துல பத்தடி தள்ளி நிக்கற என் பைக்கே தெரியல. நானே கட்டுன மூணரையடி உயரப் பரணுக்கு அடியில மல்லாந்து படுத்துக்கிட்டு, புழுக்கையும் மூத்திரமும் கலந்த மண்ணு முதுகெல்லாம் ஒட்ட, சாக்குப்பையை ஒண்ணொண்ணா சட்டத்துல வச்சு ஆணி அடிச்சிட்டு இருக்கேன். மேல ஆறு நாள் குட்டி ஒண்ணு இருமுது. ரெண்டு மாசம் முன்னாடிதான் இதே பரணை ஃபோட்டோ புடிச்சு குடும்ப வாட்ஸாப் குரூப்ல போட்டு எல்லாரும் கைதட்டுனாங்க, சென்னைல இருக்கற சித்தப்பா மட்டும் "டெல்லில குளிருமேடா"ன்னு ஒரு வரி போட்டிருந்தார், அதுக்கு நான் ஒரு சிரிப்பு எமோஜி போட்டுட்டு போயிட்டேன்.

கதையை ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன். நான் ஆர்.கே.புரத்துல வளர்ந்தவன், அப்பா சென்ட்ரல் கவர்மென்ட், படிச்சது டெல்லித் தமிழ்க் கல்விக் கழக ஸ்கூல். ஆடுன்னா எனக்கு லீவுக்குப் போற மணப்பாறை அம்மாச்சி வீட்டு ஞாபகம், அவ்வளவுதான் தகுதி. இப்ப டெல்லி துவாரகால வீடு, ஆஃபீஸ் நண்பன் ஒருத்தனோட காலி மனை கிராமத்துல சும்மா கிடந்துச்சு, ரெண்டு ஆடு வச்சுக்கோன்னான். ஆசைப்பட்டது ஜக்ரானா.

இந்த ஜாதியை நம்ம பக்கம் பலருக்குத் தெரியாது. ஜமுனாபாரி தெரியும், தலைச்சேரி தெரியும், போயர் இப்ப எல்லாருக்கும் தெரியும். ஜக்ரானாங்கறது ஒரு ஊர் பேரு. டெல்லிலேர்ந்து ஜெய்ப்பூர் போற 48ஆம் நம்பர் ஹைவேல பாதி வழியில பெஹரோர் வரும், பஸ்ஸெல்லாம் டீக்கு நிறுத்துவானே அந்த ஊர்தான், அதுக்குப் பக்கத்துல இருக்கற கிராமம். முன்னாடி அல்வர் ஜில்லா, 2023ல புது ஜில்லா பிரிச்சாங்க. அந்த ஒரு ஊரும் சுத்தி இருக்கற சில கிராமங்களும், கலப்பில்லாத ஜக்ரானா கிடைக்கற இடம் அவ்வளவுதான். நல்ல கருப்பு, மினுமினுன்னு குட்டை முடி, காதுல மட்டும் வெள்ளைப் புள்ளி தெளிச்ச மாதிரி இருக்கும், சிலதுக்கு மூஞ்சி நுனியிலயும் வெள்ளை. ஜமுனாபாரி மாதிரி கிளி மூக்கு கிடையாது, முகம் நேரா இருக்கும். முக்கியமா மடி. பெரிசா, காம்பு நீளமா கூம்பு மாதிரி. நல்லா தீனி போட்டா ஒரு நாளைக்கு ரெண்டுலேர்ந்து மூணு லிட்டர் கறக்கற ஜாதி. மதுரா பக்கம் மக்தூம்ல 1979லேர்ந்து இருக்கற மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிலையத்துல ஜமுனாபாரி, பார்பரியோட சேர்த்து இதையும் ஒரு மந்தையா வச்சிருக்காங்க.

2023 அக்டோபர்ல போய் வாங்குனேன். வளர்க்கறவர் எழுபது வயசுப் பெரியவர், எல்லாரும் தாவுஜின்னு, அதாவது பெரியப்பான்னு கூப்பிடறாங்க, நானும் அப்படியே கூப்பிட்டேன். வயசு பல்லுக் கணக்குல நாலு பல்லு, ரெண்டு மாச சினை, ரெண்டாவது ஈத்து. 26,000 ரூபா சொன்னார், பேரம் பேசுனா ஒரு மாதிரி பார்த்தார், அதோட நான் நிறுத்திட்டேன். பால் வத்தின ஆடு, எப்படி நம்பி வாங்கறதுன்னு கேட்டதுக்கு அதோட தாய் ஆட்டை இழுத்துட்டு வந்து என் கண்ணு முன்னாடியே கறந்து காட்டுனார், ஒரு வேளைக்கே லிட்டர் சொம்பு நிறைஞ்சு நுரை வழிஞ்சுது. அவர் சொன்ன இன்னொரு விஷயம் மனசுல நின்னுச்சு: நல்லா கறக்கற பெட்டையைப் பூரா வெளியூர்க்காரங்க வந்து வாங்கிட்டுப் போயிடறாங்க, அங்க போய் கண்ட கிடாவோட சேர்த்துடறாங்க, ரெண்டு தலைமுறையில காதுல புள்ளி மட்டும்தான் மிச்சம் இருக்கும்னார். நானும் வெளியூர்க்காரன்தானே, அசட்டுச் சிரிப்பு சிரிச்சு வச்சேன்.

வீட்டம்மா வச்ச பேரு கருப்பாயி. கிராமத்துக்காரங்க வாயில அது நுழையல, ஒரு வாரத்துல கல்பனா ஆயிடுச்சு. இப்ப ரெண்டு பேருக்கும் திரும்பிப் பார்க்குது.

பரண் வேலைக்கு வந்தவர் முருகேசன் அண்ணன், ஆத்தூர்க்காரர், டெல்லி வந்து முப்பது வருஷம், தச்சு வேலை. ஆட்டைப் பார்த்ததும் அவர் கேட்டது, "ஏன் தம்பி, நம்மூரு சேலம் கருப்பை வாங்கவா ராஜஸ்தான் வரைக்கும் போனீங்க?" தூரத்துலேர்ந்து பார்த்தா அப்படித்தான் இருக்கும், உண்மைதான். கிட்ட வந்து மடியைப் பார்த்தப்புறம் அவர் பேசல. சேலம் கருப்பு கறிக்கான ஆடு, இது பால் ஆடு.

டிசைன் நான் கொடுத்தது. கோயம்புத்தூர், நாமக்கல் பக்கத்துப் பண்ணை வீடியோவா பார்த்து எடுத்த நோட்ஸ். மொத்தம் பத்துக்கு எட்டடி, தரையிலேர்ந்து மூணரையடி, கீழ செங்கல் தூண், மேல இரும்பு ஆங்கிள், அதுமேல ரெண்டரை இஞ்ச் பலகை, பலகைக்கும் பலகைக்கும் நடுவுல ஒன்றரை சென்டிமீட்டர் சந்து. புழுக்கை கீழ விழணும், கால் உள்ள போகக்கூடாது, அதுதான் கணக்கு. ஒரு பெட்டைக்கு பத்துப் பன்னெண்டு சதுரடி போதும், எதிர்காலத்துல நாலஞ்சு ஆகும்னு பெரிசா போட்டேன். மேல தகர ஷீட். மரத்துக்கு கீர்த்தி நகர் மார்க்கெட்ல விலை கேட்டேன், தலை சுத்திச்சு, பக்கத்துல ஒரு குடோன்ல பேக்கிங் பேலட் ஒண்ணு 180 ரூபாய்க்குப் போட்டாங்க, இருபது வாங்கிப் பிரிச்சுப் பலகை எடுத்தோம். "தம்பி இது பைன் மரம், மூத்திரம் பட்டா ஊறிப்போயிடும்"ன்னு அண்ணன் சொன்னார். ஒரு வருஷம் வந்தா போதும்ணேன்னு சொன்னேன். வந்தது அஞ்சு மாசம். ஏப்ரல்ல ஒரு நாள் கருப்பாயியோட பின்னங்கால் முட்டி வரைக்கும் உள்ள போயிடுச்சு, நல்லவேளை எலும்பு உடையல, தோல் மட்டும் கிழிஞ்சுது. இப்ப பூரா சால் மரம், பிரிச்ச பழைய ஜன்னல் சட்டம். பைன்ல மிச்சம் புடிச்சதைப் போல ரெண்டு மடங்கு அதுக்கு ஆச்சு.

தீனித் தொட்டி தனிக் கதை. முதல்ல உள்ளயே சுவரோரமா ஒரு பிளாஸ்டிக் தொட்டி வச்சேன். வெள்ளாடு வளர்த்தவங்க இப்பவே சிரிப்பீங்க. அது முன்னங்காலைத் தூக்கித் தொட்டிக்குள்ள வச்சு நின்னுக்கிட்டு, மேலேர்ந்து ரெண்டு வாய் தின்னுட்டு, அதுலயே புழுக்கை போட்டுட்டு, அப்புறம் அந்தத் தீனியை மோந்துகூட பார்க்காது. தரையில விழுந்த தழையை மிதிச்சா அதுவும் வேஸ்ட். மாடு மாதிரி குனிஞ்சு மேயறது இல்ல இதோட குணம், தலையைத் தூக்கி எட்டிப் பறிச்சுத் தின்னணும். அதனால தொட்டியைச் சுவருக்கு வெளிய மாட்டுனோம், சுவர்ல கழுத்து நுழையற மாதிரி சந்து. சந்து நாலரை இஞ்ச், மேல மட்டும் அகலமா விட்டோம், கொம்போட தலையைத் தூக்கி நுழைச்சு, கீழ இறக்குனா கழுத்து மட்டத்துல நிக்கும், இழுத்துக் கீழ சிந்தாது. தழைக்கு மட்டும் கூரைலேர்ந்து கயித்துல கட்டித் தொங்கவிடறேன், அதுக்கு மேல எந்த மெஷினும் வேணாம்.

தழைன்னா என்னன்னு சொல்லணும், இங்க அகத்தியும் கிளுவையும் கிடைக்காதே. வேம்பு, அரசு, முசுக்கட்டை இருக்கு. பெஹரோர் பக்கத்துல கேஜ்டின்னு ஒரு மரத்தை ஆட்டுக்கு வெட்டிப் போடறாங்க, என்னடா இது பார்த்த மாதிரி இருக்கேன்னு இலையைக் கிள்ளிப் பார்த்தா நம்ம வன்னி மரம். ஊர்ல கோயில்ல சுத்திக் கும்பிடற மரம், இங்க ஆடு சுத்தி வந்து தின்னுது. டெல்லி ரிட்ஜ்ங்கற காட்டு மேடு பூரா இருக்கற விலாயத்தி கீக்கர் நம்ம சீமைக்கருவேலம்தான், அதோட இலையை ஆடு தொடாது, காய் பழுத்து விழுந்தா மிட்டாய் மாதிரி தின்னும். பனிக்காலத்துல பர்சீம்னு ஒரு பச்சைத் தீவனம், நம்ம குதிரைமசால் மாதிரி ஆனா வேற, நவம்பர்லேர்ந்து ஏப்ரல் வரைக்கும் கட்டுக்கட்டா கிடைக்கும். பால் ஏறும். ஆனா பனி ஈரத்தோட அதை மட்டும் வயிறு முட்டப் போட்டா உப்புசம் வந்து இடது பக்கம் டிரம் மாதிரி ஆயிடும், எனக்கு ஒரு தடவை ஆச்சு, டாக்டர் ஃபோன்ல சொல்லச் சொல்ல எண்ணெய் புகட்டி ராத்திரி பதினொரு மணிக்கு வரப்புல நடக்க விட்டேன். இப்ப பர்சீமைக் காலைல வெட்டி சாயங்காலம் வரைக்கும் வாட விட்டு, கோதுமை வைக்கோல் பொடி கலந்துதான் போடறது.

சரி, குளிருக்கு வரேன்.

ஜனவரி முதல் வாரம் குட்டி போட்டுச்சு, ரெண்டும் பெட்டை. ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால் குடிக்க வச்சேன், தொப்புள்ல அயோடின் தடவுனேன், புத்தகத்துல இருந்த அத்தனையும் பண்ணேன். பண்ணாதது ஒண்ணு, ராத்திரி அந்தப் பரண் மேல நானே ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கணும். பரண் எதுக்கு வந்துச்சு? மழையும் ஈரமும் உள்ள ஊர்ல தரை நச நசன்னு இருக்கும், குளம்பு அழுகும், புழு ஏறும், அதனால உயரத்துல வச்சு காத்து கீழேர்ந்து மேல போற மாதிரி கட்டுனாங்க. அதே காத்து டெல்லி ஜனவரில நாலு டிகிரில மேற்கேர்ந்து வீசுனா என்ன ஆகும்? பலகைச் சந்து ஒவ்வொண்ணுலேர்ந்தும் கத்தி மாதிரி ஏறுது. தாய் ஆட்டுக்கு முடியும் கொழுப்பும் இருக்கு, ரூமன்னு சொல்ற முதல் வயிறு ஒரு அடுப்பு மாதிரி உள்ள வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும், அது தாங்கிடுச்சு. ரெண்டரைக் கிலோ குட்டிக்கு வயித்துல அந்த அடுப்பு இன்னும் பத்தவே ஆரம்பிக்கல.

அஞ்சாம் நாள் சின்னக் குட்டி இருமுச்சு. ஆறாம் நாள் ராத்திரிதான் சாக்கு அடிச்சேன். அடிச்சது போதாதுன்னு அடுத்த நாள் நாலு பக்கமும் கூரை வரைக்கும் நீல பிளாஸ்டிக் தார்ப்பாய் இழுத்துக் கட்டுனேன், ஒரு ஓட்டை விடாம. அதுதான் ரெண்டாவது தப்பு, முதல் தப்பை விடப் பெரிசு. காலைல தார்ப்பாயை விலக்குனா உள்ளேர்ந்து அமோனியா நெடி கண்ணை எரிக்குது, தகரத்துலேர்ந்து மூச்சுத் தண்ணி சொட்டுது, ஆட்டு முதுகெல்லாம் ஈரம். குளிர் குறைஞ்சுது, நெஞ்சு கெட்டுப்போச்சு. கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டார், ஆனா சின்னது ஒன்பதாம் நாள் காலைல போயிடுச்சு. டாக்டர் திட்டல, தார்ப்பாயைக் கையால தூக்கிப் பார்த்துட்டு "மேல ஒரு அடி திறந்து விடுங்க"ன்னு மட்டும் சொன்னார். மனைவி ரெண்டு நாள் மனைப்பக்கமே வரல.

அன்னிக்கு சாயங்காலமே முருகேசன் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் வந்து பீடி ஒண்ணைப் பத்த வச்சுக்கிட்டு சுத்திச் சுத்தி வந்தார். "ஊர்ல நாங்க பட்டிய மேக்கால பாத்து அடைச்சிட்டு கெழக்கால தொறந்து விடுவோங்க தம்பி, நீங்க நாலு பக்கமும் ஒரே மாதிரி கட்டச் சொன்னீங்க, நா கட்டுனேன்"ன்னார். ஏண்ணே அப்பவே சொல்லலன்னு கேக்க வாய் வந்துச்சு, பைன் மரத்துக்கு சொன்னதை நான் கேட்ட லட்சணம் ஞாபகம் வந்து வாயை மூடிக்கிட்டேன்.

பாதிப் பரணைப் பிரிச்சோம். பத்தடி நீளத்துல மேற்குப் பக்கம் அஞ்சடியைத் தரைமட்டத்துக்குக் கொண்டு வந்து, செங்கல்லும் களிமண்ணுமா ரெண்டரையடிச் சுவர், ஆடு படுத்தா தலை மறையற உயரம். தரையில அரையடி மணல், அதுமேல வைக்கோல். மீதி அஞ்சடி பரணாவே இருக்கு, வெயில்காலத்துக்கும் மழைக்காலத்துக்கும் அதுதான் சரி, ரெண்டுக்கும் நடுவுல சரிவா ஒரு பலகை, எங்க படுக்கணும்னு ஆடே முடிவு பண்ணிக்கும். பரணுக்குக் கீழ மேற்கும் வடக்கும் நிரந்தரமா அடைச்சாச்சு. கூரைக்கும் சுவருக்கும் நடுவுல சுத்திவர ஒரு அடி திறப்பு, அதை எந்தக் குளிர்லயும் மூடறது இல்ல. குட்டிக்கு 200 லிட்டர் நீல டிரம் ஒண்ணைப் படுக்க வச்சு, வாயில பாதியை அடைச்சு உள்ள வைக்கோல் திணிச்சேன், மிச்சம் இருந்த குட்டி அதுக்குள்ள போய் சுருண்டுக்கிச்சு, அதோட உடம்புச் சூடே போதும். பல்பு கட்டுங்கன்னு நிறைய பேர் சொன்னாங்க, வைக்கோல் பக்கத்துல சூடான பல்பு எனக்குப் பயம், கட்டல.

இதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். பிப்ரவரி கடைசில இடது மடி கல்லு மாதிரி ஆயிடுச்சு, தொட்டா சுடுது, கறந்தா முதல்ல தயிர்க்கட்டி மாதிரி வருது. மடிநோய். காரணம் தேடி ரொம்ப தூரம் போகவே வேண்டாம். பரண்ல படுத்தவரைக்கும் மடி காய்ஞ்சு சுத்தமா இருந்துச்சு, வைக்கோலுக்கு வந்தப்புறம் நான் மேல புது வைக்கோல் தூவிக்கிட்டே போனேனே தவிர அடியில ஊறுனதை அள்ளல. மேல கை வச்சா காய்ஞ்ச மாதிரிதான் இருக்கும். முட்டி போட்டு நின்னு பாருங்க, பேன்ட்டு முட்டி நனைஞ்சா ஆட்டு மடியும் நனையுதுன்னு அர்த்தம், இந்த டெஸ்ட்டை டாக்டர் சொல்லிக் கொடுத்தார். அஞ்சு நாள் காம்புக்குள்ள மருந்து டியூப், அது முடிஞ்சும் அவர் சொன்ன நாள் வரைக்கும் பாலைக் கறந்து கறந்து குழியில கொட்டுனேன். இப்ப ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஈரமானதைப் பூரா அள்ளிடறது, மணல் மேல சுண்ணாம்புத்தூள் கொஞ்சம், அப்புறம்தான் புது வைக்கோல். கறக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு காம்புலேர்ந்தும் முதல் ரெண்டு பீச்சலைக் கருப்புக் கிண்ணத்துல விட்டுப் பார்க்கறேன், கட்டி இருந்தா கருப்புல பளிச்சுன்னு தெரியும். கறந்து முடிச்சதும் காம்பை அயோடின் கரைசல்ல முக்கி, அரை மணி நேரம் படுக்க விடாம தொட்டில தீனி போட்டு நிக்க வைக்கறேன், காம்புத் துவாரம் மூட அந்த நேரம் வேணும்.

கறவை மேடையைப் பத்தி சொல்லாம விட்டா முருகேசன் அண்ணன் கோவிச்சுக்குவார், அவருக்கு இந்த மொத்த வேலையிலயும் பெருமை அதுலதான். வெளிநாட்டு வரைபடம் ஒண்ணைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன், பதினெட்டு இஞ்ச் உயரம், நாலடி நீளம், இருபத்திரண்டு இஞ்ச் அகலம், முன்னாடி சாவித்துவாரம் மாதிரி ஒரு ஓட்டை, அதுல தலை விட்டா கழுத்து மாட்டும். கச்சிதமா செஞ்சார், மணல்தாள் போட்டு வார்னிஷ்கூட அடிச்சார். கருப்பாயி ஏறுச்சு, தீனியைப் பார்த்துச்சு, தலையை விட்டுச்சு, கொம்பு இடிச்சுது. அந்த வரைபடம் குட்டியிலயே கொம்பைச் சுட்டு வளர விடாத ஆட்டுக்குப் போட்டது. ஓட்டையைப் பெரிசாக்குனா தலையை உருவிக்குது, சின்னதாக்குனா நுழையவே இல்ல. அண்ணன் அதைப் பூரா கழட்டிப் போட்டுட்டு ரெண்டு சட்டத்தை நிக்க வச்சார், ஒண்ணு அசையாது, இன்னொண்ணு கீழ ஒரு போல்ட்ல கத்தரி மாதிரி சாயும். விரிச்சா கொம்போட தலை போகும், நிமிர்த்தி மேல ஒரு முளை குத்துனா கழுத்துக்கு நாலரை இஞ்ச். பழைய போல்ட் ஒண்ணு, கால் மணி நேரம். வார்னிஷ் வழுக்குதுன்னு மேல ஒரு மிதியடியையும் ஆணி அடிச்சு விட்டார்.

ஜக்ரானா காம்பு நீளங்கறதால முழுக் கையால கறக்கலாம், பக்கத்துல ஒருத்தர் பார்பரி வச்சிருக்கார், பாவம் ரெண்டு விரல்லதான் கறக்கறார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் காம்பு மேல் பக்கத்தை அடைக்கணும், அப்புறம் மத்த விரல் ஒண்ணொண்ணா கீழ மூடணும். இழுக்கக் கூடாது. நான் முதல் வாரம் இழுத்தேன், உதை வாங்குனேன், பால் சொம்போட. மார்ச், ஏப்ரல்ல ஒரு நாளைக்கு ஒன்னே முக்கால்லேர்ந்து ரெண்டேகால் லிட்டர் வரைக்கும் வந்துச்சு, குட்டி குடிச்சது போக. இந்த ஜாதிக்குச் சொல்ற மூணு லிட்டரை நான் பார்க்கல, பிழை ஆட்டு மேல இல்லைன்னு நினைக்கறேன்.

பாலை வீட்டுக்குக் கொண்டு போனா அடுத்த கோர்ட்டு என் மாமியார், கும்பகோணம். "மாப்ள, ஆட்டுப்பால்ல காப்பியா, நாத்தமடிக்குமே"ன்னாங்க. முதல் நாள் டிகாக்ஷனை ஊத்துனதும் திரிஞ்சுபோச்சு, அவங்க முகத்துல இருந்த திருப்தியைப் பார்க்கணும். காரணம் நான்தான், காலைல ஆறு மணிக்குக் கறந்ததை ஆறப்போடாம ஸ்டீல் கேன்லயே வச்சு பைக்ல சுத்திட்டு பத்து மணிக்குக் கொண்டு போயிருக்கேன். கறந்த உடனே வடிகட்டி, ஐஸ் தண்ணி உள்ள வாளிக்குள்ள கேனை இறக்கிக் குளிர வச்சு, வீட்டுக்குப் போனதும் பொங்கக் காய்ச்சுனா திரியறதும் இல்ல, வாடையும் இல்ல. கிடா பக்கத்துல நின்னா அந்த நெடி பால்ல ஏறும்னு சொல்வாங்க, இங்க கிடாவே கிடையாது. ரெண்டாவது வாரம் மாமியார் டம்ளரைக் காலி பண்ணிட்டு "வெள்ளையா இருக்கு, காப்பிக்கு நெறமே வரல"ன்னாங்க. அது வாஸ்தவம், மாட்டுப்பால்ல இருக்கற மஞ்சள் இதுல இருக்காது. தயிரும் கெட்டியா உறையாது, கரண்டி வச்சா சரிஞ்சுடும். மோர்க்குழம்புக்கு அதைவிட நல்லது வேற இல்லன்னு அவங்களே சொன்னாங்க, நான் எழுதி வச்சிருக்கேன்.

மே மாசம் தகரம் அடுப்பு ஆச்சு, இங்க வெயில் 45ஐ சாதாரணமா தாண்டும். தகரத்துக்கு மேல ஒரு அடி இடைவெளி விட்டு மூங்கில் கட்டி நாணல் கத்தை பரப்புனோம், மதியம் சுத்தி ஈரச் சாக்கு. அந்த மாசம் பூரா ஆடு பரண் பக்கம்தான் படுத்துச்சு, கீழேர்ந்து வந்த காத்து அப்பத்தான் ஜிலுஜிலுன்னு இருந்துச்சு.

செப்டம்பர், அக்டோபர் வந்தா டெல்லில டெங்கு, டெங்கு வந்தா ஆட்டுப்பாலுக்கு ஆள் தேடி வரும். பிளேட்லெட் ஏறுமாம். அப்படி ஏத்தும்னு நிரூபணம் எதுவும் கிடையாது, ஆனா பையனை ஆஸ்பத்திரில போட்டுட்டு வந்து நிக்கற அப்பன்கிட்ட அதைப் பேசி என்ன ஆகப்போகுது. ஒரு ஆள் கால் லிட்டருக்கு 500 ரூபா நீட்டுனார், அதுவும் பச்சையா வேணுமாம், காய்ச்சுனா சக்தி போயிடுமாம். பச்சைப் பால்ல மால்டா காய்ச்சல் வரைக்கும் வரும், புருசெல்லோசிஸ்னு சொல்றது அதைத்தான், ஏற்கனவே காய்ச்சல்ல கிடக்கறவனுக்கு அது வேறயா. காசு வாங்காம காய்ச்சித்தான் கொடுத்தேன், டாக்டர் சொல்றதை விட்டுடாதீங்கன்னும் சொன்னேன். அப்ப கருப்பாயி கறந்ததே அரை லிட்டர்தான், வத்தற நேரம்.

அதே அக்டோபர் நடுவுல ஒரு நாள் காலைலேர்ந்து விடாம கத்துது, வாலை ஆட்டிக்கிட்டே இருக்கு, தொட்டில தீனி அப்படியே கிடக்கு. பருவத்துக்கு வந்துடுச்சு. பக்கத்துப் பார்பரிக்காரர் உடனே தன் கிடாவை ஓட்டிட்டு வந்துட்டார், நல்ல மனுஷன், காசே வேணாம்னார். கிராமத்துல இன்னொருத்தர்கிட்ட பீட்டல்ங்கற பஞ்சாப் ஜாதி மாதிரி ஒரு கலப்புக் கிடா இருக்கு, உயரம், கருப்பு, பார்த்தா ஜக்ரானான்னே சொல்லலாம். காதுல புள்ளிகூட இருக்கு. அதைப் பார்த்துட்டு நின்னப்ப தாவுஜி சொன்னது தலைக்குள்ள ஓடுச்சு, ரெண்டு தலைமுறைன்னு அவர் சொன்னது இப்படி ஒரு காலை நேரத்துலதான் ஆரம்பிக்கும்போல. ரெண்டு பேரையும் டீ கொடுத்து அனுப்பிட்டேன்.

தாவுஜிக்கு ஃபோன் போட்டேன். பருவம் ஒண்ணு, ஒண்ணரை நாள்தான் நிக்கும், 130 கிலோமீட்டர் வண்டி புடிச்சுப் போறதுக்குள்ள போயிடும், அடுத்தது இருபத்தோரு நாள் கழிச்சு. அவர் சொன்ன வழி, முன்னாடியே கொண்டு வந்து மந்தையில விட்டுடு, ஒரு மாசம் இருக்கட்டும், குட்டியையும் கூட்டிட்டு வா, அதுக்கும் வயசு வந்தாச்சு, ஆனா அதுக்கு வேற கிடா, அப்பனோட சேர்க்க மாட்டேன்னார். ஒரு மாசத் தீனிக் காசு எவ்வளவுன்னு கேட்டேன், பேரம் பேசற ஆள்கிட்ட விலை சொல்ல மாட்டேன்னு சிரிச்சார், மறக்கவே இல்ல.

இப்ப வேலை, டெம்போல பின்னாடி வைக்கற மாதிரி ஒரு கூண்டு. நாலுக்கு மூணடி, பக்கவாட்டுல பலகை, மேற்பக்கம் ஒரு அடி திறப்பு, அடியில மணலும் வைக்கோலும், குட்டிக்கு நடுவுல தடுப்பு. வரைபடம் எதுவும் நான் போடல. ஞாயித்துக்கிழமை முருகேசன் அண்ணன் டேப்போட வரேன்னிருக்கார், ஆட்டையும் வண்டியையும் அவரே அளந்துக்குவார்.